கேட்டரிங் வண்டியும் டாக்ஸி செய்த விமானமும்: ஓர் ஏப்ரன் மோதலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பயணிகளுடன் தரையிறங்கி, தனக்கான நிறுத்துமிடத்தை (‘பே’) நோக்கி டாக்ஸி செய்து, அதாவது தன் எஞ்சின் விசையில் தரையில் உருண்டு, மெதுவாக வந்துகொண்டிருந்த ஏ320 ரக விமானத்தின் வலப்பக்கத்தில், அதன் பாதையைக் கடக்கப் பார்த்த கேட்டரிங் வண்டி ஒன்று மோதியது. இரவு நேரம், விட்டுவிட்டுத் தூறல். உயிரிழப்பு இல்லை. ஆனால் விமானம் இன்னும் சில மீட்டர் நகர்ந்திருந்தால், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் வாய்க்கு முன்னால் அந்த வண்டி சிக்கியிருக்கும். விமான நிலையம் அமைத்த ஆய்வுக் குழுவில் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நிலையம், நிறுவனங்கள், ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை.

ரன்வேயிலோ, விமானங்கள் அதற்குப் போய்வரும் டாக்ஸிவேயிலோ ஒரு வண்டி நுழைய வேண்டுமென்றால் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி வேண்டும், ரேடியோ வேண்டும். ஏப்ரன் வேறு மாதிரி. விமானங்களை நிறுத்தி ஆளையும் சாமானையும் ஏற்றி இறக்கும் அந்தத் தளத்தில் சாமான் டிராக்டர், எரிபொருள் லாரி, பயணிகள் பஸ், குடிநீர் வண்டி, உணவு ஏற்றும் ஹைலிஃப்ட் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். எங்கள் நிலையத்தில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கோபுரத்தோடு பேசும் ரேடியோ கிடையாது. வெள்ளைக் கோட்டுக்குள் வண்டி, மஞ்சள் கோட்டின் மேல் விமானம். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஐகாவோ எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின், விமான நிலையங்களுக்கான 14-ஆம் இணைப்பு தெளிவாகச் சொல்கிறது: விமானம் டாக்ஸி செய்துகொண்டிருந்தாலும், செய்யப் புறப்பட்டாலும், தள்ளப்பட்டாலும், இழுக்கப்பட்டாலும் வண்டிதான் வழிவிட வேண்டும்.

விதி சரிதான். ஆனால் ரன்வேயில் அனுமதி, ரேடியோ, விளக்கு என்று அடுக்கடுக்காக இருக்கும் பாதுகாப்பு, ஏப்ரன் கிராசிங்கில் வண்டி ஓட்டுபவரின் கண் என்ற ஒன்றை மட்டும் நம்பி நிற்கிறது. அந்தக் கண்ணுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்க்காமல் விட்டதன் விளைவு இந்த மோதல்.

மோதல் நடந்த கிராசிங்கில், வண்டிகள் ஓடும் சேவைச் சாலை, ஏப்ரனுக்குள் விமானங்கள் போகும் பாதையான டாக்ஸிலேனைச் சாய்வாகக் கடந்தது. சாலை பழையது. பிறகு பேக்களின் எண்ணிக்கை கூட்டப்பட்டபோது டாக்ஸிலேன் இடம் மாறியது, சாலை அப்படியே விடப்பட்டது. அதனால் டெர்மினல் பக்கம் போகும் டிரைவருக்கு விமானம் நேர் இடதுபக்கத்திலிருந்து வராது. பின்னாலிருந்து வந்து பக்கவாட்டில் சேருவது போல வரும். நிறுத்தக் கோட்டுக்கு இடதுபுறம் உள்ள காலி இடத்தில், கொஞ்ச காலமாகச் சாமான் கன்டெய்னர்களை இரண்டடுக்கு ரேக்கில் வைத்திருந்தார்கள். சரக்குப் பிரிவில் இடம் போதவில்லை என்பதால் தற்காலிகமாகச் செய்த ஏற்பாடு அது.

நடந்தது

கேட்டரிங் வண்டி அடுத்த விமானத்துக்கான உணவோடு போய்க்கொண்டிருந்தது. டிரைவர் அனுபவசாலி, ஏப்ரனில் ஓட்டுவதற்கான அனுமதி நடப்பில் இருந்தது. வழக்கமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வரும் உதவியாளர் அன்று இல்லை. ஆள் பற்றாக்குறையால் அவரை முன்னே போன வண்டியில் அனுப்பிவிட்டார்கள். ஆக, இடதுபக்க ஜன்னல் ஓரத்தில் யாரும் இல்லாமல் வண்டி வந்தது.

நிறுத்தக் கோட்டில் வண்டி நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்து, மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டரில் உருண்டபடியே கடந்தது. டிரைவர் இடதுபக்கம் பார்த்தார். ஈரத் தரையும், தூரத்தில் நிற்கும் விமானங்களும் தெரிந்தன. அப்புறம் வலதுபக்கம் திரும்பினார். அங்கே ஒரு விமானம் சிவப்பு விளக்கு மின்ன, புஷ்பேக்குக்கு, அதாவது டிராக்டரால் பின்னுக்குத் தள்ளப்படுவதற்கு, தயாராக நின்றது. அது நகர்கிறதா என்று கவனித்துவிட்டு முன்னால் திரும்பியபோது, இடது ஜன்னல் முழுக்க விமானத்தின் மூக்கு.

விமானம் அப்போது ஏறக்குறைய 10 நாட் வேகத்தில் வந்தது. அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். அதன் பே இடதுபக்கம் இருந்ததால் கேப்டனின் பார்வை அங்கே உள்ள மஞ்சள் கோட்டில் இருந்தது. கோ-பைலட் ஏபியுவை, அதாவது எஞ்சின்களை நிறுத்திய பிறகு மின்சாரம் தரும் வாலடி எஞ்சினை, ஸ்டார்ட் செய்வதற்காக மேல் பேனலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே நின்று சைகை காட்டி விமானத்தை நிறுத்தும் மார்ஷலரின் கண் கூசக் கூடாதென்று மூக்குச் சக்கரத்து டாக்ஸி விளக்கைக் கொஞ்சம் முன்கூட்டியே அணைத்திருந்தார்கள். கோ-பைலட் நிமிர்ந்து பார்த்து “ஸ்டாப், ஸ்டாப்” என்று கத்த, கேப்டன் பிரேக்கை முழுதாக மிதித்தார்.

டிரைவரும் பிரேக் போட்டு ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். வண்டிப் பெட்டியின் இடது மேல் மூலை, முன் வலக் கதவுக்குச் சற்றுப் பின்னால் விமான உடலை உரசிக் கிழித்தது. இரண்டும் ஒட்டியபடி நின்றன.

அடுத்த சில நிமிடங்கள்

கேப்டன் முதலில் செய்தது இரண்டு எஞ்சின்களையும் நிறுத்தியது. வண்டிக்குப் பின்னால், மிக அருகில் வலது எஞ்சின் சுற்றிக்கொண்டிருந்தது. ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில், ஓடும் ஜெட் எஞ்சின் கூடத் தன் முன்னால் சில மீட்டருக்குள் வரும் ஆளை இழுத்துவிடும். பதறிப்போன டிரைவர் எந்தப் பக்கம் இறங்குவார் என்று காக்பிட்டிலிருந்து சொல்ல முடியாது. எஞ்சின் நின்றதும் கேபின் இருண்டது, அவசர விளக்குகள் தாமாக எரிந்தன. சற்று நேரத்தில் ஏபியு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது.

அடுத்து, சறுக்குப் பலகைகளை விரித்து எல்லோரையும் இறக்குவதா என்ற கேள்வி. கேப்டன் வேண்டாம் என்றார். தீ இல்லை, புகை இல்லை, எரிபொருள் வாடை இல்லை என்று கேபினிலிருந்து தகவல் வந்தது. சறுக்குப் பலகையில் இறங்கும்போது கால் முறிவது, தோல் உராய்வது சகஜம். இருட்டில், ஈரத்தில், உடைந்த உலோகம் கிடக்கும் தரையில் இறக்கினால் காயம் கூடும். தீயணைப்பு வண்டி வந்து எரிபொருள் கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகு, இடதுபக்கக் கதவில் படிக்கட்டு வைத்துப் பயணிகளை இறக்கினார்கள். குழுவில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கருத்து வேறுபாடு இல்லாமல் எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு இதுதான்.

காயங்கள் வேறு விதமாக வந்தன. சீட் பெல்ட் விளக்கு அணையும் முன்பே எழுந்து மேல் பெட்டியைத் திறந்த சிலர், பிரேக் அடித்ததும் முன்னால் தூக்கி வீசப்பட்டார்கள். அவர்களை உட்காரச் சொல்ல எழுந்த கேபின் பணியாளர் ஒருவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. விபத்து விசாரணை பற்றிய ஐகாவோவின் 13-ஆம் இணைப்பின்படி மணிக்கட்டு முறிவு “கடுமையான காயம்”. ஆட்கள் உள்ளே இருக்கும்போது நடந்ததால், இது வெறும் தரைச் சேதமாக இல்லாமல் முறைப்படி “விபத்து” ஆனது. நாட்டின் விபத்து விசாரணை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டியதும் கட்டாயமானது. இதே வண்டி இதே விமானத்தை, பயணிகளும் பணியாளர்களும் இறங்கிய பிறகு இடித்திருந்தால், அந்த வரையறைக்குள் வராது. நிறுத்திய விமானங்களில் படும் இடிகள் பல பாடமாகாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஆதாரங்களைக் காப்பது அன்றிரவே தொடங்கியது. அந்த விமானத்தின் காக்பிட் குரல் பதிவுக் கருவியில் கடைசி 2 மணி நேரம் மட்டுமே தங்கும், பிறகு பழையதன் மேல் புதியது ஏறும். அதனால் அதன் சர்க்கிட் பிரேக்கரை உடனே இழுத்துவிட்டார்கள். கண்ணாடியில் இருந்த மழைத்துளிகள் உட்பட எல்லாவற்றையும் டிரைவரின் கண் உயரத்திலிருந்து படமெடுக்கும் வரை வண்டியை நகர்த்த விடவில்லை. பேக்களைச் சீக்கிரம் திறந்துவிடு என்று நெருக்கடி இருந்தது. அதற்கு இணங்கியிருந்தால் இந்த ஆய்வில் பாதி இருந்திருக்காது.

தளத்தில் கண்டது

டிரைவர் சொன்னது ஒரே வாக்கியம்: “பார்த்தேன் சார், எதுவும் இல்லை.” மது, மருந்துப் பரிசோதனையில் எதுவும் இல்லை. போன் பயன்படுத்தவில்லை என்பதும் உறுதியானது. அப்படியானால் அவர் எதைப் பார்த்தார்?

அதே ரக வண்டியை, அதே மாதிரி தூறல் விழுந்த ஓர் இரவில், அதே சாலையில் ஓட்டிப் பார்த்தோம். நிறுத்தக் கோட்டில் ஒழுங்காக நின்றால் இடதுபக்கம் தெரிவது கன்டெய்னர் ரேக் மட்டுமே. அங்கே நின்று பயனில்லை. விமானம் வருகிறதா என்று தெரிய, கோட்டைத் தாண்டி ரேக் முடியும் இடம் வரை போக வேண்டும். கோட்டில் நில் என்பது விதி. நின்றால் தெரியாது என்பது அந்த இடத்தின் நிலைமை. நாளடைவில் டிரைவர்கள் முதல் நிறுத்தத்தை விட்டுவிட்டு, உருண்டபடியே பார்த்துப் போகப் பழகியிருந்தார்கள். மோதலுக்கு முந்தைய சில இரவுகளின் கேமராப் பதிவைப் பார்த்ததில், எல்லா நிறுவனங்களின் வண்டிகளும் அப்படித்தான் போயின. ஆக, இவர் மட்டும் விதிவிலக்காக எதையும் செய்யவில்லை.

அடுத்த தடை வண்டியிலேயே இருந்தது. முன்கண்ணாடியின் இடதுபக்கத் தூணும் அதை ஒட்டிய பெரிய பின்பார்வைக் கண்ணாடிச் சட்டமும் சேர்ந்து, டிரைவரின் கண்ணிலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளி, ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் அகலத்தை அடைத்தன. கணக்குப் போட்டால், 60 மீட்டருக்கு அப்பால் 12 மீட்டர் அகலம் மறையும். அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. சீரான வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கி வரும் இரண்டில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது எப்போதும் ஒரே திசையில் இருக்கும், இடம் மாறாது. கடலில் கப்பல் ஓட்டுபவர்கள் இதை மோதலுக்கான அடையாளமாகவே படிக்கிறார்கள். தூணுக்குப் பின்னால் ஒளிந்த விமான மூக்கு, வண்டி நகர நகரத் தூணுக்குப் பின்னாலேயே இருந்தது. மூக்கைத் தூண் மறைக்க, உடலை ரேக் மறைத்தது. தூணுக்கு முன்பக்கம் இருந்த இடுக்கில் காலித் தரை தெரிந்தது. அவர் பார்த்தது அந்த இடுக்கைத்தான்.

ரேக்குக்கு மேலே விமானத்தின் வால் தெரிந்திருக்குமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். தெரிந்தது. ஏ320-இன் வால் கிட்டத்தட்ட 12 மீட்டர் உயரம். ஆனால் அந்தத் திசையில் எப்போதும் நிறுத்தியிருக்கும் வால்கள் பல. அவற்றில் ஒன்று மெதுவாக நகர்வதை, ஒரே ஒரு பார்வையில், மழைத்துளி படிந்த கண்ணாடி வழியாக யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். டாக்ஸி விளக்கு எரிந்திருந்தால் கதை மாறியிருக்கும். விளக்கைப் போட்டு ஒரு விமானத்தை அதே இடத்துக்கு இழுத்து வந்து பார்த்தோம். விமானம் தெரியும் முன்பே, அந்த இடுக்கின் ஈரத் தரையில் வெளிச்சம் நீளமாக விழுந்தது.

2019 மே மாதம் டொரோண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில், டாக்ஸி செய்துகொண்டிருந்த டேஷ் 8 விமானத்தின் மீது எரிபொருள் லாரி ஒன்று மோதியது. அதுவும் இரவு, அதுவும் மழை. வண்டியின் முன்புறத் தூக்கு மேடையும் அதன் சட்டங்களும், ஜன்னலில் படிந்த நீராவியும் டிரைவரின் வலப்பக்கப் பார்வையை மறைத்ததாகக் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. அந்த அறிக்கை எங்கள் அலுவலகத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் வண்டிகளில் ஏறி உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை.

டிரைவர் விஷயத்தில் எடுத்த முடிவு

கேட்டரிங் நிறுவனம் மறுநாளே பணிநீக்கக் கடிதத்தைத் தயார் செய்துவிட்டது. நிறுத்தக் கோட்டில் நிற்கவில்லை என்பது கேமராவில் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்பது அவர்கள் வாதம். குழுவில் நீண்ட நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

நாங்கள் வைத்த வாதம் இரண்டு. ஒன்று, எல்லோரும் செய்யும் ஒன்றுக்கு, மோதியவரை மட்டும் தண்டித்தால் மற்றவர்கள் உருண்டு போவதை நிறுத்த மாட்டார்கள், மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் பழகுவார்கள். மற்றொன்று, அவர் வாயைத் திறந்தால்தான் அந்த இடுக்கைப் பற்றி நமக்குத் தெரியும். வேலை போகும் என்று பயந்தால் வக்கீல் சொல்வதைத்தான் சொல்வார். விசாரணையின் ஒரே நோக்கம் இனி நடக்காமல் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்று 13-ஆம் இணைப்பும் சொல்கிறது. கடைசியில் நிறுவனம் கடிதத்தை நிறுத்திவைத்தது. ஆய்வு முடியும் வரை அவர் ஓட்டவில்லை, சம்பளம் தொடர்ந்தது. சோதனை ஓட்டத்தில் அவரே உட்கார்ந்து, எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினார் என்று காட்டினார். தூணுக்கு முன்பக்கம் உள்ள அந்த இடுக்கை முதலில் விரல் நீட்டிக் காட்டியவர் அவர்தான்.

நின்று போவது அவர் பொறுப்பு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அறிக்கையிலும் அது இருக்கிறது.

கிராசிங்கிலும் காக்பிட்டிலும் செய்த மாற்றங்கள்

அன்றிரவே கிராசிங் மூடப்பட்டது. சோதனை ஓட்டம் முடிந்ததும் கன்டெய்னர் ரேக்குகள் அகற்றப்பட்டு, அந்த இடத்தில் எதையும் வைக்கக் கூடாது என்று சிவப்புக் கோடு அடிக்கப்பட்டது. சாலையின் கடைசிப் பகுதியை வளைத்து, டாக்ஸிலேனைச் செங்குத்தாகச் சந்திக்கும்படி மாற்றினார்கள். நிறுத்தக் கோடும் புதிய இடத்துக்கு வந்தது. எங்கள் பரிந்துரைகளில் அதிகச் செலவு பிடித்தது இது. எதிர்ப்பும் இதற்குத்தான் அதிகம். ஓட்டுபவரின் கழுத்தை எவ்வளவு தூரம் திருப்ப வேண்டும் என்பதைப் பயிற்சியால் மாற்ற முடியாது, சாலையால்தான் முடியும் என்பதால் அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

வண்டிகளில் பின்பார்வைக் கண்ணாடிச் சட்டத்தைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கினார்கள். இரவில் உதவியாளர் இல்லாமல் டாக்ஸிலேனைக் கடக்கக் கூடாது என்ற விதி வந்தது.

விமானம் நெருங்கினால் வண்டிக்குள் அலறும் எச்சரிக்கைக் கருவியை ஒரு விற்பனையாளர் காட்டினார். அப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம். எங்கள் ஏப்ரனில் வண்டிகள் நாள் முழுக்க விமானங்களுக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன. ஓயாமல் அலறினால் இரண்டாம் வாரத்தில் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள்.

விமான நிறுவனத்தோடும் பேசினோம். பேக்குள் திரும்பும் வரை டாக்ஸி விளக்கை அணைப்பதில்லை என்றும், சேவைச் சாலைக் கிராசிங்கைத் தாண்டிய பிறகே ஏபியு வேலையைத் தொடங்குவது என்றும் அவர்கள் நடைமுறையை மாற்றினார்கள். பைலட்டுக்கு முன்னுரிமை உண்டுதான். ஆனால் எதிரே வரும் வண்டி நிற்கும் என்ற நம்பிக்கையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்வையை எடுத்தால், கடைசியாக இருந்த பாதுகாப்பும் போய்விடுகிறது.

அதன் பிறகு

விமானத்தின் வெளித்தகடு கிழிந்ததோடு, உள்ளே இரண்டு சட்டங்களும் வளைந்திருந்தன. பல வாரம் பறக்கவில்லை. கேபின் பணியாளர் குணமாகி வேலைக்குத் திரும்பினார். டிரைவர் மறுபயிற்சிக்குப் பிறகு, முதலில் பகல் பணியில், அப்புறம் இரவிலும் ஓட்டினார்.

புதிய கோட்டில் வண்டிகள் நிற்கத் தொடங்கின. நின்றால் தெரிகிறது, அதனால் நிற்கிறார்கள். ஆனால் அங்கே வேறொரு சிக்கல் முளைத்தது. பக்கத்துப் பேயை விட்டு நகரும் விமானம் எஞ்சின் விசையைக் கூட்டும்போது, பின்காற்று நேராக அந்தக் கோட்டின் மேல் அடித்தது. காத்திருந்த சாமான் டிராக்டர் இழுக்கும் டோலி வண்டியிலிருந்து உறைத் துணி பறந்து டாக்ஸிலேனில் விழுந்தது. எஞ்சின் உறிஞ்சியிருந்தால் இன்னொரு விபத்து. கோட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, பின்காற்றுத் தடுப்பு வேலியும் வைக்க வேண்டியதாயிற்று. தரைத் திட்டத்தில் பின்காற்று எல்லையை வரைந்து பார்த்திருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும்.

கிராசிங்கை மூடியிருந்த காலத்தில், அதன் போக்குவரத்து முழுக்கப் பக்கத்துக் கிராசிங்குக்குப் போனது. அங்கே நெரிசலில் வண்டிகள் டாக்ஸிலேனுக்குள் வால் நீட்டி நின்ற சம்பவங்கள் பதிவாயின. பிறகுதான் அங்கே கொடி காட்ட ஆள் போட்டார்கள்.

நூலிழையில் தப்பியதாக டிரைவர்கள் தாங்களே வந்து சொல்லும் புகார்கள் கூடின. நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பார்த்துச் சிலர் கவலைப்பட்டார்கள். எனக்கு அது நல்ல செய்தி. அந்த டிரைவரின் வேலை போகவில்லை என்பதை எல்லோரும் கவனித்திருக்கிறார்கள்.

இனி வேறு விதமாகச் செய்ய வேண்டியவை

பழைய பதிவுகளைப் புரட்டியபோது, அந்த ரேக் வந்த பிறகு டிரைவர்கள் இரண்டு முறை வாய்மொழியாக முறையிட்டது தெரிந்தது. கோட்டில் நின்றால் இடதுபக்கம் தெரியவில்லை என்பதுதான் முறையீடு. அது “ஏப்ரனில் பொருட்கள் இறைந்து கிடக்கின்றன” என்ற தலைப்பில் பதிவாகி, துப்புரவுப் பிரிவுக்குப் போயிருக்கிறது. அவர்கள் வந்து, ரேக் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, சரி என்று குறித்து முடித்திருக்கிறார்கள். யாரும் பொய் எழுதவில்லை, யாரும் அலட்சியமாக இல்லை. ஆனால் “தெரியவில்லை” என்ற சொல் பதிவில் ஏறவே இல்லை. இப்போது “தெரியவில்லை”, “மறைக்கிறது” என்று வரும் எந்த முறையீடும் பாதுகாப்புப் பிரிவுக்கே வருகிறது, அதே வண்டியில் ஏறிப் பார்க்காமல் மூடுவதில்லை.

ஏப்ரனில் ஒரு பொருளை ஓர் இரவுக்கு மேல் வைக்க வேண்டுமென்றால், இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், எதை மறைக்கிறது என்றும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தற்காலிகம் என்ற பெயரில் வந்ததற்கு மதிப்பீடு தேவையில்லை என்ற விலக்கு நீக்கப்பட்டது. எல்லாக் கிராசிங்குகளையும் இரவில், மழையில், உயரமான வண்டியிலும் தாழ்வான டிராக்டரிலும் உட்கார்ந்து பார்க்கும் வேலை தொடங்கியிருக்கிறது. ஓட்டுநர் அனுமதிக்கான செய்முறைத் தேர்வு இதுவரை பகலில் மட்டும் நடந்தது, இனி இரவிலும் உண்டு.

தீராமல் இருப்பது ஒப்பந்தம். உணவு தாமதமாக ஏறினால் கேட்டரிங் நிறுவனத்துக்கு அபராதம் என்ற விதி அப்படியே இருக்கிறது. அன்று உதவியாளர் முன்னே போன வண்டியில் ஏறியதற்கும், கோட்டில் நிற்க நேரமில்லை என்று டிரைவர்கள் நினைப்பதற்கும் வேர் அங்கே இருக்கிறது. கிராசிங்கில் நின்றதால் ஏற்படும் தாமதத்தை அபராதக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.